கட்டைக் குரல்: உஷா உதுப் பற்றிக் கொஞ்சம்

போன மாசம் எங்க அபார்ட்மெண்டில் பாட்டு சொல்லிக் கொடுக்கும் டீச்சர் ஒருத்தர் தங்கமணியைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்குக் குரல் ரொம்பக் கட்டையா இருக்கு. எல்லாரோடயும் சேர்ந்து பாடும்போது தனியாத் தெரியுது. பேசாம கீபோர்டுல சேர்த்து விட்டுடுங்களேன்" என்று சொல்லிவிட்டார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், குறை சொல்ல முடியாது. ஆனால் பதினோரு வயசுப் பிள்ளை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் பாட்டுச் சத்தம் இல்லை. குளிக்கும்போது வழக்கமாக வரும் பாட்டும் நின்றுபோனது.

இந்தக் 'கட்டை' இருக்கிறதே, தமிழில் வேடிக்கையான வார்த்தை. ஆர்மோனியத்தில் சுருதியைக் கட்டை கணக்கில்தான் சொல்வோம். ஆண்கள் சாதாரணமாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு. கட்டை ஏற ஏற உசத்தி. ஆனால் 'கட்டைக் குரல்' என்று சொன்னால் மட்டும் தாழ்ந்த, தடித்த குரல்! அதிகக் கட்டையில் பாட முடியாதவருக்குக் கட்டைக் குரல் என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ.

டீச்சர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஒரு முகம். பெரிய பொட்டு, தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், காஞ்சிபுரம் பட்டு. ஆமாம் மக்களே, உஷா உதுப்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். காரைக்குடிப் பக்கம் எங்க வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி இருந்த காலம். தூர்தர்ஷனில் ஏதோ ஒரு இரவு நிகழ்ச்சியில் இந்த அம்மா மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெரிய பொட்டு வச்சுக்கிட்டு என்னத்துக்கு இந்தக் கத்துக் கத்துறா?" என்றது. அப்பா சிரித்துக்கொண்டே, "ஆத்தா, அது நம்ம தமிழ்ப் பொம்பளதான்" என்றார். அப்பத்தா நம்பவேயில்லை. கடைசிவரை அது வங்காளத்துப் பொம்பளை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அது சொன்னதிலும் பாதி சரிதான், பின்னால் வருகிறேன்.

1947ஆம் வருஷம் நவம்பர் மாதம் பம்பாயில் ஒரு தமிழ் ஐயர் குடும்பத்தில் பிறந்தவர் உஷா. பூர்வீகம் மெட்ராஸ். அப்பா பம்பாய்ப் போலீஸில் அதிகாரி. பைகுல்லா பக்கம் போலீஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தார். ஆறு பிள்ளைகளில் ஐந்தாவது. அக்காமார்களும் பாடகிகள்தான். அதில் உமா போச்சா அந்தக் காலத்து பம்பாய் மேற்கத்திய இசை வட்டாரத்தில் தெரிந்த பேர். நம்மைப் போலவே வேலைக்காகப் பிழைக்கப் போன இடத்தில் வேர் விட்ட குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ரேடியோ சிலோன் ஓடும், இந்துஸ்தானி ஓடும், மேற்கத்திய இசையும் ஓடும்.

படித்தது பைகுல்லா செயிண்ட் ஆக்னஸ் பள்ளி. அங்கே பாட்டு வகுப்பிலிருந்து அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். காரணம் நீங்கள் ஊகித்ததுதான். அந்தக் குரல் மற்ற பிள்ளைகளின் குரலோடு சேரவில்லை. அவர் எத்தனையோ பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கும் கதை இது. ஆனால் அந்த டீச்சருக்குப் பிள்ளையிடம் தாளம் இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. அதனால் தட்டுவதற்கு ஒரு கட்டையும், 'டிங்' என்று ஒலிக்கும் முக்கோணக் கம்பியும் கையில் கொடுத்தாராம். முறையாக இசை படிக்காமலேயே, ஒன்பது வயசில் ரேடியோ சிலோனில் 'மாக்கிங்பேர்ட் ஹில்' என்ற பாட்டைப் பாடினார். அதுதான் முதல் அரங்கேற்றம்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தியாவுக்கு ஜாஸ் எப்படி வந்தது? கப்பலில் வந்தது. 1935ல் லியோன் அபே என்ற கறுப்பினக் கலைஞர் தன் குழுவோடு பம்பாய் தாஜ் ஹோட்டலுக்கு வந்து வாசித்தார். பிறகு பியானோ மேதை டெடி வெதர்ஃபோர்ட் வந்தார். கல்கத்தாவில் கிராண்ட் ஹோட்டலில் யுத்த காலம் முழுக்க வாசித்து, 1945ல் அங்கேயே காலராவில் இறந்துபோனார். இவர்களிடமிருந்து கற்றுக்கொண்டவர்கள் கோவாக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும். கோவாக்காரர்கள் பகலில் இந்தி சினிமா ஆர்கெஸ்ட்ராவில் வாசித்துவிட்டு ராத்திரி ஹோட்டலில் ஜாஸ் வாசிப்பார்கள். பழைய இந்திப் பாட்டுகளில் திடீரென்று ஒரு டிரம்பெட் கத்திக்கொண்டு போகுமே, அது இவர்கள் கைங்கர்யம்.

ஆங்கிலோ இந்தியர் என்றதும் நான் இருக்கும் இந்த வைட்ஃபீல்டைச் சொல்லாமல் போக முடியுமா? இன்றைக்கு ஐடிபிஎல், மெட்ரோ, தண்ணி லாரி, ட்ராஃபிக் என்று தெரியும் இந்த ஊர், 1882ல் ஆங்கிலோ இந்தியர்களுக்காக உண்டாக்கிய குடியிருப்பு. சென்னையிலிருந்த டி.எஸ். வைட் என்பவர் மைசூர் மகாராஜா சாமராஜ உடையாரிடம் பேசி ஏறத்தாழ 3,900 ஏக்கர் வாங்கினார். அவர் பேர்தான் ஊருக்கு. இன்னர் சர்க்கிள் பக்கம் நடந்து போனால் ஓட்டுக்கூரை பங்களா ஒன்றிரண்டு இன்னும் இருக்கிறது. நானும் இத்தனை வருஷமாக இங்கே 'வெளியூர்க்காரன்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரே வெளியூர்க்காரர்களுக்காகப் போட்ட ஊர்தான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்து நைட்கிளப் பாடகிகள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர் அல்லது கோவாக்காரர். கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் மொகாம்போவிலும் ப்ளூ ஃபாக்ஸிலும் பாடிய பாம் கிரெய்ன், பம்பாயில் லோர்னா இப்படி. கவுன் போட்டு, தோள் தெரிய நின்று பாடுவார்கள். அதுதான் வழக்கம்.

1969. மெட்ராஸ் மவுண்ட் ரோடு. சஃபையர், எமரால்ட், ப்ளூ டயமண்ட் என்று மூன்று தியேட்டர் ஒரே கட்டடத்தில். (ப்ளூ டயமண்டில் ஒரு டிக்கெட் வாங்கினால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். ஏசிக்காகவே போய்த் தூங்கியவர்கள் கதையை எங்க சித்தப்பா சொல்லுவார்.) அந்த வளாகத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு நைட்கிளப். அங்கே போன இடத்தில் இருபது சொச்சம் வயசு உஷா ஐயர் மேடையேறி ஒரு பாட்டுப் பாடினார். கட்டியிருந்தது புடவை. கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய், கிளப் உரிமையாளர் ஒரு வாரம் இருந்து பாடிவிட்டுப் போகச் சொன்னார். அந்த ஒரு வாரம்தான் தொழிலானது.

புடவை எதற்கு என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். புரட்சி, அடையாளம், விளம்பர உத்தி என்றெல்லாம் எழுதினார்கள். அவர் சொன்ன பதில் ரொம்பச் சாதாரணம். நடுத்தரக் குடும்பம், வீட்டில் அம்மா அக்கா எல்லோரும் கட்டுவது புடவை, அதைத்தான் நானும் கட்டினேன். அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சாதாரண விஷயம் என்ன செய்தது என்று பாருங்கள். அதே வருஷங்களில் தமிழ் சினிமாவில் கிளப் காட்சி வந்தால் என்ன வரும்? ஜோதிலட்சுமியோ விஜயலலிதாவோ ஆடுவார்கள், பின்னால் எல்.ஆர். ஈஸ்வரி குரல் கொடுப்பார். ஈஸ்வரியம்மா போல ஒரு குரல் இனி வராது, அது வேறு விஷயம். ஆனால் கதையில் கிளப்பில் பாடும் பெண் கெட்டவள். புடவை கட்டியவள் வீட்டில் விளக்கேற்றிக்கொண்டு காத்திருப்பாள். இந்த இரண்டு பெண்களும் ஒரே ஆளாக இருக்கலாம் என்று நம்ம கதாசிரியர்களுக்குத் தோன்றவேயில்லை. சஃபையரின் திரையில் என்ன படம் ஓடியதோ, அதே வளாகத்தில் உஷா ஐயர் பட்டுப்புடவையும் பொட்டுமாக நின்று இங்கிலீஷ் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

மெட்ராஸிலிருந்து பம்பாய் 'டாக் ஆஃப் தி டவுன்', அங்கிருந்து கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் 'டிரிங்காஸ்'. 1939ல் டீக்கடையாக ஆரம்பித்த இடம், அறுபதுகளில் பாட்டுக்குப் பேர்போன உணவகமாகிவிட்டது. அங்கே பாட வந்தபோதுதான் ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்தார். கோட்டயம் பக்கத்து மலையாளக் கிறிஸ்தவர். ஐயர் உதுப் ஆனார். பம்பாயில் பிறந்த தமிழச்சி, மலையாளியைக் கட்டிக்கொண்டு, வங்காளத்தில் குடித்தனம். நெற்றிப் பொட்டில் 'க' என்ற வங்காள எழுத்தை ஒட்டிக்கொண்டு வருவார். கல்கத்தாவின் 'க'. அப்பத்தா சொன்னது பாதி சரி என்றேனே, அது இதுதான்.

டிரிங்காஸுக்குப் பிறகு டெல்லியில் ஓபராய் ஹோட்டலில் பாடும்போது சினிமாக்காரர்கள் கேட்டார்கள். 1970ல் மெர்ச்சண்ட் ஐவரியின் 'பாம்பே டாக்கி' படத்தில் சங்கர் ஜெய்கிஷன் இசையில் பாடினார். 1971ல் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா'வில் ஆஷா போன்ஸ்லேயுடன் ஒரு பாட்டு. 1972ல் 'பாம்பே டு கோவா'வில் திரையிலேயே தோன்றிப் பாடினார். (அந்தப் படம் நம்ம 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி'யின் மறுபதிப்பு. நாகேஷ் நடித்த படம்.) பட்டியல் போட்டால் நீளும். 1980ல் 'ப்யாரா துஷ்மன்', 1981ல் 'அர்மான்', 1982ல் 'டிஸ்கோ டான்ஸர்' என்று பப்பி லஹரியோடு டிஸ்கோ யுகம். ஆர்.டி. பர்மன் 'ஷான்' படத்தின் தலைப்புப் பாட்டையே கொடுத்தார்.

இவரை ஜாஸ் பாடகி என்று சொல்லலாமா? கறார் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். அவர்கள் கணக்கில் ஜாஸ் என்றால் ஆஷா புத்லி. பம்பாயில் பிறந்து, நியூயார்க் போய், ஆர்னெட் கோல்மனின் 1972 ஆல்பத்தில் இரண்டு பாட்டுப் பாடி, அதே வருஷம் 'சாவேஜஸ்' என்ற மெர்ச்சண்ட் ஐவரி படத்தில் நடித்தவர். உலக ஜாஸ் வரலாற்றில் நிற்கும் பேர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆஷா புத்லி இங்கிருந்து கிளம்பிப் போய் அதைச் செய்தார். உஷா இங்கேயே இருந்து செய்தார். நைட்கிளப் பாடகிக்கு ஒரு ராத்திரியில் ஜாஸ், கலிப்ஸோ, பாப், இந்திப் பாட்டு எல்லாம் பாட வேண்டும். எதிரே இருப்பவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் முள்கரண்டியைக் கீழே வைக்கும்படி பாட வேண்டும். அது அந்தப் பள்ளிக்கூடத்தின் பாடம். ஒரு பாட்டை அன்றைய கூட்டத்துக்கு ஏற்ப வளைப்பது, தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நின்று வார்த்தையை விடுவது எல்லாம் ஜாஸ் கொடுத்த சொத்துதான் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் சண்டைக்கு வரலாம்.

எழுபதுகளில் நைரோபி போனார். அங்கே ஸ்வாஹிலி மொழியில் 'மலைக்கா' பாடியதும் ஊர் கொண்டாடியது. ஜோமோ கென்யாட்டா அவரைக் கென்யாவின் கௌரவக் குடிமகளாக்கினார். அங்கே பதிவு செய்த இசைத்தட்டு ஒன்றும் வந்தது. போன இடத்து மொழியில் பாடுவது என்பது அன்றிலிருந்து அவர் வழக்கம். கேரளத்தில் அவர் பாடிய 'என்டெ கேரளம்' பாட்டை மலையாளிகள் தங்கள் ஊர்ப் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடியிருக்கிறார். நான் பெங்களூரு வந்து இத்தனை வருஷத்தில் கன்னடத்தில் "சொல்ப அட்ஜஸ்ட் மாடி" தாண்டவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

எல்லாம் சுலபமாகப் போய்விடவில்லை. வாழ்க்கைப்பட்ட கல்கத்தாவிலேயே அடி விழுந்தது. எண்பதுகளின் தொடக்கம். மேற்கு வங்கத்தில் இடது முன்னணி ஆட்சி. பொதுப்பணித்துறை அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, உஷா உதுப்பின் பாட்டு 'அபசம்ஸ்கிருதி', அதாவது சீரழிந்த கலாசாரம் என்று சொல்லி, அரசு அரங்குகளில் அவர் பாடத் தடை போட்டார். தாகூர் பாட்டு ஒலிக்கும் ஊரில் இந்தக் கத்தல் எதற்கு என்பது வாதம். எங்க அப்பத்தா கேட்ட அதே கேள்வி, ஆனால் அமைச்சர் கேட்டால் அரங்கம் பூட்டிக்கொள்ளும்.

பிறந்தது பம்பாய், சொந்த ஊர் மெட்ராஸ், புகுந்த வீடு கேரளம். மூட்டையைக் கட்டிக்கொண்டு போக மூன்று ஊர் இருந்தது அவருக்கு. போகவில்லை. கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஜெயித்தார். அதே ஊரில் 'வைப்ரேஷன்ஸ்' என்ற பெயரில் ஒலிப்பதிவுக் கூடமும் கட்டி, அங்கேயே இருந்துவிட்டார். அவர் வாங்கிய விருதுகளைவிட இந்த ஒரு வழக்கு எனக்குப் பெரிசாகப் படுகிறது. வந்தேறி என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லாவிட்டாலும், 'இது உன் இடம் இல்லை' என்ற வாடையைப் பிடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாம் பெரும்பாலும் சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

தமிழுக்கு அவர் வந்தது கொஞ்சம்தான். 1975ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் இங்கிலீஷ் பாட்டு ஒன்று. திருவிளையாடல் எடுத்தவர் படத்தில், வயலின் சக்ரவர்த்தி இசையில், கமல் நடித்த படத்தில் உஷா உதுப்! இந்தக் கூட்டணியை இன்று யாராவது கற்பனையாகச் சொன்னால்கூட நம்ப மாட்டோம். பிறகு 1990ல் 'அஞ்சலி'யில் இளையராஜா 'வேகம் வேகம்' பாட்டைக் கொடுத்தார். அந்தப் பாட்டுக்கு ஒரு மெல்லிய கிளிக்குரலைப் போட்டிருந்தால் யோசித்துப் பாருங்கள். ராஜா ராஜாதான்.

நடிப்பு தாமதமாகத்தான் வந்தது. 2006ல் மலையாளத்தில் 'போத்தன் வாவா', மம்மூட்டிக்கு அம்மாவாக. 2010ல் கமலின் 'மன்மதன் அம்பு', மாதவனுக்கு அம்மாவாக. 2011ல் விஷால் பரத்வாஜின் '7 கூன் மாஃப்', பிரியங்கா சோப்ராவின் வீட்டில் மேகி ஆண்டியாக. அம்மா, ஆண்டி என்ற அளவில்தான் சினிமாக்காரர்களுக்கு யோசனை போனது என்பது என் குறை. இருந்தாலும் பாருங்கள், ஒரு காட்சியில் அவர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் கொஞ்சம் மங்கலாகிவிடுவார்கள். '7 கூன் மாஃப்' படத்தில் ரேகா பரத்வாஜுடன் பாடிய 'டார்லிங்' பாட்டுக்கு 2012ல் இருவருக்கும் பிலிம்ஃபேர் விருது. 2011ல் பத்மஸ்ரீ, 2024ல் பத்மபூஷண். பத்மபூஷண் கிடைத்த அதே 2024 ஜூலையில் கணவர் ஜானி உதுப் கல்கத்தாவில் காலமானார்.

சஃபையர் தியேட்டர் இன்று இல்லை. தொண்ணூறுகளில் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். டிரிங்காஸ் மட்டும் பார்க் ஸ்ட்ரீட்டில் இன்னும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். யூட்யூபில் பழைய வீடியோக்களும் போட்டுக் காட்டினேன். 'பாம்பே டு கோவா' பார்த்துச் சிரித்தாள். 'வேகம் வேகம்' அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, பாடியவர் பொம்பளை என்பது தெரியாதாம். பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பிலிருந்து அனுப்பிய கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டாள். "அப்புறம் அந்த டீச்சர் அவங்க கையில முக்கோணத்தைக் குடுத்தாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு அதுகூடக் குடுக்கலியேப்பா" என்றாள்.

தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நேற்று சாயந்திரம் கடைக்குப் போய் ஆர்மோனியம் விசாரித்துவிட்டு வந்தேன். எந்தக் கட்டையில் அவளுக்குச் சேர்கிறதோ, அங்கேயிருந்து வீட்டிலேயே ஆரம்பிக்கலாம் என்று தங்கமணி சொல்கிறாள். குளியலறையில் இன்னும் தண்ணிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.